பட்டியல் சொன்ன எழுத்துகள்

8 ஜூலை 2025, செவ்வாய்

காலையில் மோட்டார் ஸ்டார்ட் ஆகவில்லை. கிராப் கார் பிடித்து ஆபிஸ் போனேன், இருபது நிமிடம் லேட். நாங்கள் மென்பொருள் எழுதிக் கொடுத்த தைப்பிங் கிளினிக்கில் தேதி தலைகீழாக வருகிறது என்று இரண்டு புகார். மதியத்துக்குள் சரிசெய்தேன்.

சாயங்காலம் புனிதவதி அக்கா கூப்பிட்டார். மேட்ரனாக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டில் அடி தாங்க முடியாமல் வெளியேறிய பெண்களுக்காக மூன்று வீடுகள் நடத்துகிறார். ஈப்போவில் ஒன்று, சுங்கை சிப்புட்டில் ஒன்று, பாகான் டத்தோவில் ஒன்று. எந்தத் தெரு, எந்தத் தோட்டம் என்பது ஐந்தாறு பேருக்குத்தான் தெரியும். எம்சிஓ ஊரடங்கு காலத்தில் சும்மா இருந்தபோது அவர்களுக்கு ஒரு இணையப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். இன்றும் அதுதான் ஓடுகிறது.

"பிள்ளை, புஷ்பலதா டீச்சர் சொல்றாங்க, பட்டியல் தானா கலையுதாம். நேரம் இருந்தா பாரு."

பார்க்கிறேன் என்றேன். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு உதவ வரும் டீச்சருக்கு எழுபது வயது. எங்கேயாவது விரல் பட்டிருக்கும்.

9 ஜூலை, புதன்

பார்க்கவில்லை. மோட்டாருக்குப் புது பேட்டரி போட்டாயிற்று.

12 ஜூலை, சனி

டீச்சரே கூப்பிட்டார். "பிரதீபா, நேத்து திறந்தப்ப மைனா மேல இருந்துச்சு. இன்னிக்குத் திறந்தா கடைசியில கிடக்கு. நான் ஒன்னும் தட்டலைலா."

உதவி செய்பவர்கள் மட்டும் பார்க்கும் பக்கம் அது. மூன்று வீட்டிலும் சேர்த்துப் பதினான்கு பிள்ளைகள். சொந்தப் பெயர் இருக்காது, பறவைப் பெயர்தான். மைனா, சிட்டு, கிளி, புறா. பக்கத்தில் வயது, வகுப்பு, சேர்ந்த நாள். ஏதாவது ஒரு தலைப்பைத் தட்டினால் பட்டியல் அதன்படி அடுக்கிக்கொள்ளும். எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் கொடுத்திருக்கிறோம். கடைசியாக யார் எப்படி அடுக்கினார்களோ அதை நினைவில் வைத்து, அடுத்து வருபவருக்கும் அப்படியே காட்டும். வயசானவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று நான்தான் அப்படிச் செய்தேன்.

அப்படியானால் டீச்சர் பார்த்தது வேறு யாரோ அடுக்கிவிட்டுப் போனது. அவ்வளவுதான்.

ஆனால் நானே திறந்து பார்த்தேன். வயதுப்படி இல்லை. வகுப்புப்படி இல்லை. பெயர், நாள், எதன்படியும் இல்லை. கலைந்தும் இல்லை. யாரோ யோசித்து அடுக்கியது போல இருக்கிறது. பக்கத்தில் இல்லாத ஏதோ ஒன்றின்படி.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து போகவில்லை. பதினான்கு பறவைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

13 ஜூலை, ஞாயிறு

காலையில் லாக் திறந்தேன். பக்கத்துக்கு யார் வந்து எதைக் கேட்டாலும் சர்வர் ஒரு வரி எழுதி வைக்கும். முப்பது நாள் கழித்து அழித்துவிடும்.

முதலில் எல்லாம் சாதாரணம். வரிசை: வயது. வரிசை: வகுப்பு. டீச்சரும் மற்றவர்களும்.

ஜூலை முதல் தேதி, மதியம் 1.10. பிழை. பிழை. ஆறு முறை பிழை. ஏழாவது வரி பிழையில்லாமல் போயிருக்கிறது. வரிசை: தாயின் பெயர்.

அப்படி ஒரு தலைப்பு பக்கத்தில் கிடையாது. டேட்டாபேஸில் இருக்கிறது. பக்கத்தில் இல்லாததைத் தட்ட முடியாது. மேலே உலாவியின் முகவரிப் பட்டையில் கையால் எழுதினால்தான் உண்டு. யாரோ இருட்டில் துழாவுவது போல ஒவ்வொரு பெயராக எழுதிப் பார்த்திருக்கிறார். என் கோட் அதை வாங்கி, யார் நீ என்று கேட்காமல், டேட்டாபேஸுக்குப் போகும் கேள்வியின் வாலில் ஒட்டி அனுப்பியிருக்கிறது.

மறுநாள், 1.12. இந்த முறை தலைப்பே இல்லை. ஒரு முழு நிபந்தனை. எளிய தமிழில் சொன்னால் இப்படி: சிட்டுவின் தாய் பெயர் ஆங்கில எழுத்து 'டி'யில் தொடங்கினால் வயதுப்படி அடுக்கு, இல்லாவிட்டால் சேர்ந்த நாள்படி அடுக்கு.

நாள்படி வந்திருக்கும். இல்லை என்று அர்த்தம்.

அடுத்தது புறா. இல்லை. அடுத்தது மைனா. பட்டியலில் ஏழு வயதுப் பிள்ளைகள் இந்த மூன்று பேர்தான்.

மைனாவுக்கு வயதுப்படி வந்திருக்கிறது. ஆம்.

அதன் பிறகு மைனாவை விடவில்லை. இரண்டாம் எழுத்து 'ஏ'யா? இல்லை. 'ஈ'யா? இல்லை. 'ஐ'யா? ஆம். மூன்றாம் எழுத்து. நான்காம் எழுத்து. பக்கம் ஒரு பெயரைக்கூட வெளியே காட்டவில்லை. காட்ட வேண்டிய அவசியமே இல்லை. பறவைகள் இடம் மாறி மாறி உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கின்றன.

பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் நாங்கள் காசின் மேல் விரல் வைத்து ஆவியைக் கேட்டு விளையாடியது ஞாபகம் வந்தது. காசு ஒவ்வொரு எழுத்தாக நகரும். எல்லோரும் நான் தள்ளவில்லை என்பார்கள். இங்கே தள்ளிய விரல் என்னுடையது.

டி, ஐ, என், ஈ, எஸ். தினேஸ்வரி.

எப்போதும் வேலை நாள். எப்போதும் 1.10க்கும் 1.50க்கும் நடுவில். யாரோ மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து இதைச் செய்கிறார். ஒரு கையில் சாப்பாடுகூட இருந்திருக்கும்.

பெயர் முடிந்ததும் வீட்டு முகவரியை ஆரம்பித்திருக்கிறார். எஸ். யூ. என். ஜி. சுங்கை வரைக்கும் வந்து, ஒரு இடைவெளி, பிறகு எஸ்—

அதற்கு மேல் படிக்க முடியவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டேன்.

13 ஜூலை, சாயங்காலம்

அந்த வரியைத் தேடி எடுத்தேன். நான் எழுதியதுதான். மற்ற எல்லா இடத்திலும், வெளியிலிருந்து வரும் சொல் கட்டளையோடு கலக்காதபடி, அதன் இடத்தில் ஒழுங்காகக் கேள்விக்குறி வைத்து, சொல்லைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். அடுக்கும் இடத்தில் மட்டும் கேள்விக்குறி வேலை செய்யாது. வைத்தால் 'வயது' என்பது தலைப்பாகப் போகாது, வெறும் சொல்லாகப் போகும். எல்லோருக்கும் ஒரே சொல், அதனால் பட்டியல் அசையாது. அன்றைக்கு அது அசையவில்லை என்று எரிச்சல்பட்டு, வருவதை அப்படியே ஒட்டிவிட்டேன். அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்புகூட எழுதியிருக்கிறேன்: பிறகு சரிசெய்யவும்.

இப்போது சரிசெய்துவிட்டேன். எழுத்துகளும் அடிக்கோடும் தவிர வேறு எதுவும் வந்தால் வெட்டிவிடும். இடைவெளி போய்விட்டது, அடைப்புக்குறி போய்விட்டது. இனி நிபந்தனை எதுவும் உள்ளே போகாது.

புனிதவதி அக்காவிடம் சொல்லவில்லை. டீச்சருக்கு, "சரியாச்சு டீச்சர், சின்னப் பிழைதான்" என்று வாட்ஸ்அப் அனுப்பினேன்.

முகவரி முழுசா கிடைக்கல இல்லையா. பாதியிலதானே நிக்குது. எதுக்கு எல்லாரையும் பயமுறுத்தணும்?

14 ஜூலை, திங்கள்

1.10. நிபந்தனை. வெட்டியது. பிழை. இருபது முறை முயன்று போய்விட்டார். சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

15 ஜூலை, செவ்வாய்

யாரும் வரவில்லை.

16 ஜூலை, புதன்

1.11. ஒரே ஒரு வரி. வரிசை: வீடு மாறிய நாள்.

வெறும் எழுத்தும் அடிக்கோடும்தான், அதனால் என் வேலி அவரை விட்டுவிட்டது. அவருக்கு இப்போது நிபந்தனை எதுவும் வேண்டாம். மறைந்திருக்கும் தலைப்பின் பெயரே போதும். வேலி போட்ட நான், உள்ளே எந்தெந்த அறைக்குப் பூட்டு என்று பார்க்கவே இல்லை.

ஆனால் எதற்கு அந்தத் தலைப்பு? அதில் எழுத்து கிடைக்காது. கடைசியாக வீடு மாறிய பிள்ளை மேலே வரும், அவ்வளவுதான்.

17 ஜூலை, வியாழன்

1.10. அதே வரி. பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஆபிஸ் கழிவறையில் நின்றுகொண்டிருந்தபோது புரிந்தது. அவர் தேடவில்லை. மைனா மேலே ஏறுகிறதா என்று பார்க்கிறார். ஏறாத வரைக்கும் அவள் அங்கேதான் இருக்கிறாள். இடம் தெரிந்தவன்தான் இப்படிப் பார்ப்பான்.

திரும்பி வந்து, ஞாயிற்றுக்கிழமை மூடிய இடத்திலிருந்து லாக்கைப் படித்தேன். சுங்கை சிப்புட். லாடாங், மலாயில் தோட்டம். தோட்டத்துப் பெயர் முழுவதும். தோட்டக் கணக்கர் குடியிருந்த பழைய கிராணி வீடு. கடைசி எழுத்து ஜூலை 11, வெள்ளி, மதியம் 1.46. 1.48க்கு இன்னொரு வரி, வரிசை: வீடு மாறிய நாள்; சனிக்கிழமை நான் திறந்தபோது பார்த்த அடுக்கு அதுதான். நான் வேலி கட்டுவதற்கு இரண்டு நாள் முன்பே எல்லாம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு வந்த கேள்விகள் எல்லாம் சரிபார்ப்பதற்கு.

நாலு நாள். நாலு நாள் நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்.

படிக்கட்டில் நின்று புனிதவதி அக்காவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வரி நான் எழுதியது என்பதையும், ஞாயிறே தெரியும் என்பதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"இப்ப பக்கத்தை மூடாத. மூடினா அவனுக்குத் தெரிஞ்சிடும். பதிவுல எதையும் மாத்தாத. நான் வேனை எடுக்கிறேன். நீயும் வா, அவகிட்ட நீயே சொல்லணும்."

18 ஜூலை, வெள்ளி

நேற்று நடந்ததை இப்போதுதான் எழுத முடிகிறது.

நாலரை மணிக்கு சுங்கை சிப்புட். கடைத்தெரு தாண்டி உள்ளே போனால் ரப்பர் இருந்த இடமெல்லாம் செம்பனை. நடுவில் அந்தக் கிராணி வீடு, தகரக் கூரை, நீல ஜன்னல்கள். தினேஸ்வரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. மகள் வாசலில் பாட்டா சிலிப்பரோடு நின்று எங்களைப் பார்த்தாள். மைனா. அவளுடைய சொந்தப் பெயரை நான் கேட்கவில்லை.

தினேஸ்வரியிடம் சொன்னேன். கணினி விஷயம் புரியாது என்று நினைத்து லாக்கை அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் காட்டினேன். இதுவா, இல்லை. இதுவா, ஆம்.

அவள் இரண்டாம் தாளிலேயே நிறுத்தினாள்.

"இது அவர்தான்க்கா."

"எப்படிச் சொல்றீங்க?"

"கோகிலன் கத்தவே மாட்டாரு. எதிர்ல உட்கார்ந்துகிட்டு கேப்பாரு. கடைக்குப் போனியா? ஆமாவா இல்லையா. யாரையாவது பார்த்தியா? ஆமாவா இல்லையா. வேற வார்த்தை பேசக்கூடாது. நூறு கேள்வி கேப்பாரு. கடைசியில அவருக்கு வேணும்கிற பதில் மட்டும்தான் மிச்சம் இருக்கும். அதுக்கப்புறம்தான் கை."

கோகிலன், அவள் கணவர், பள்ளிகளுக்கும் கடைகளுக்கும் இன்டர்நெட் போட்டுக் கொடுப்பவர். ஜூனில் வேறு பெயரில் ஒருவர், ஒரு பிள்ளைக்குப் பள்ளிப் பை வாங்கித் தருகிறேன் என்று எங்களிடம் பதிந்திருக்கிறார். கடவுச்சொல்லை நாங்களே அனுப்பி வைத்திருக்கிறோம்.

தினேஸ்வரி தாள்களை மடித்து என்னிடம் கொடுத்தாள். என்மேல் கோபமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அது எனக்காகக் கேட்கும் கேள்வி.

அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். இரண்டு பை, ஒரு தலையணை. பாகான் டத்தோ போய்ச் சேரும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. பதிவில் எதையும் மாற்றவில்லை. பட்டியலில் மைனா இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இன்று 1.10க்குத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வந்தார். அதே வரி. என் எதிரில் ஒருவர் வந்து உட்கார்ந்து, என் கண்ணைப் பார்த்துக் கேட்டது போல இருந்தது. அங்கேதான் இருக்கிறாளா? பட்டியல், ஆம் என்றது.



19 ஜூலை, சனி

கிராணி வீட்டுக்கு எதிரே லாரி டயர் கடை வைத்திருப்பவர் பிச்சைமுத்து அண்ணன். நேற்றே புனிதவதி அக்கா அவரிடம் சொல்லி வைத்திருந்தார், பாலாயில் போலீஸ் ரிப்போர்ட்டும் கொடுத்துவிட்டார்.

காலை பத்து மணிக்கு அண்ணன் போன் செய்தார். வெள்ளைக் கார். ஒருவர் இறங்கி கேட்டில் நின்றாராம். கூப்பிடவில்லை, தட்டவில்லை. வீட்டைச் சுற்றி வெளியிலேயே மெதுவாக நடந்து ஜன்னல்களை விரல் விட்டு எண்ணினாராம். கையில் புதுப் பள்ளிப் பை, ரோஸ் நிறம், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.

"யாரு வேணும்னு கேட்டேன். 'உள்ள ஆளு இருக்கு, ஆமாவா இல்லையா'ன்னு என்னைக் கேக்குறான். சிரிச்சுக்கிட்டே கேக்குறான், பிள்ளை. தெரியாதுன்னேன். 'அது பதில் இல்ல'ங்கறான்."

பையை கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். அண்ணன் கார் நம்பரை எழுதி வைத்திருக்கிறார்.

21 ஜூலை, திங்கள்

பாலாயில் மூன்று மணி நேரம். ஒரு பெண் இன்ஸ்பெக்டர் மலாயில் கேட்டார், நான் சொல்லச் சொல்ல எழுதினார். இந்த வரியை எழுதியது யார்? நான். எப்போது தெரியும்? 13ஆம் தேதி. எப்போது சொன்னீர்கள்? 17. அவர் தலை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார்.

அவர்கள் லாக் பிரதியை எடுத்துக்கொண்டதும் பக்கத்தை மூடினேன்.

28 ஜூலை, திங்கள்

கோகிலனைப் பிடித்து விசாரித்திருக்கிறார்கள். லேப்டாப் அவர்களிடம் இருக்கிறது. தினேஸ்வரிக்கும் பிள்ளைக்கும் நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவு கிடைத்துவிட்டது.

பக்கத்தை முதலிலிருந்து எழுதுகிறேன். ஆபிஸில் எனக்குப் பிறகு சேர்ந்த ரதீசனிடம் பார்க்கக் கொடுத்தேன். நான் பழைய வேலியைக் கொஞ்சம் உயர்த்தி வைத்திருந்தேன். அவன் உதட்டைப் பிதுக்கினான்.

"அக்கா, வர்றதைச் சுத்தம் பண்ணிப் பண்ணி உள்ள அனுப்புறீங்க. எதுக்கு அனுப்பணும்? நாலு தலைப்புதானே இருக்கு."

அவ்வளவுதான். நாலு தலைப்பு. பெயர், வயது, வகுப்பு, சேர்ந்த நாள். நாலையும் நானே உள்ளே எழுதி வைத்துவிட்டேன். வெளியிலிருந்து வரும் சொல் அந்த நாலில் ஒன்றா என்று மட்டும் பார்க்கும். ஒன்று என்றால், நான் எழுதி வைத்த தலைப்பு போகும். இல்லையென்றால் பெயர்ப்படி. ஏறுவரிசை, இறங்குவரிசைக்கும் அப்படியே. வந்தவரின் எழுத்து ஒன்றுகூட டேட்டாபேஸைத் தொடாது. தாயின் பெயரும் முகவரியும் இப்போது வேறு இடத்தில். இந்தப் பக்கத்துக்கு அந்த இடத்தைப் பார்க்கவே உரிமை இல்லை. ஆளுக்கு ஒரு கடவுச்சொல்.

மொத்தம் பதினோரு வரி. அன்றைக்கே எழுதியிருந்தால் கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

புனிதவதி அக்கா வீட்டுக்குப் போனேன். புதுப் பக்கத்தைக் காட்டினேன். டீ கொடுத்தார். பேச்சோடு பேச்சாக, "காளியம்மா விஷயம்கூட எனக்கு இன்னும் விளங்கல" என்றார்.

யார் காளியம்மா என்றேன்.

2022இல் பாகான் டத்தோ வீட்டில் இருந்தவராம். இரண்டு பையன்கள். ஒரு நாள் காலை கணவன் நேரே வந்து வாசலில் நின்றிருக்கிறான். கையை முறித்துவிட்டான். இடம் எப்படித் தெரிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

2022. என் வரி 2020லிருந்து இருக்கிறது.

டீயைக் கீழே வைத்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் போல.

"லாக் இருக்கா?" என்றார்.

"முப்பது நாளுக்குத்தான்க்கா."

11 ஆகஸ்ட், திங்கள்

பழைய பேக்கப் எல்லாம் பார்த்தேன். எதுவும் இல்லை. 2022 வரைக்குமான அந்த மூன்று வருடத்தில் யார் வந்தார்கள், எதைக் கேட்டார்கள், பறவைகள் யாருக்கு என்ன பதில் சொல்லின, தெரியாது. தெரியவே போவதில்லை.

17 ஆகஸ்ட், ஞாயிறு

நிரூபிக்க முடியாது. அப்படியானால் சொல்லாமல் விட்டுவிடலாமா? போன தடவையும் இப்படித்தான் ஒரு காரணம் கிடைத்தது.

24 ஆகஸ்ட், ஞாயிறு

காளியம்மா ஈப்போ புந்தோங்கில் இருக்கிறார். கச்சான் கடலை வறுத்து, முறுக்கும் சுட்டு விற்கும் ஒரு வீட்டில் வேலை. நான் போனபோது முறுக்கு எடுத்துப் பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தார். இடது முழங்கை நேராக நீளவில்லை.

கணவர் போன வருடம் கம்பார் ரோட்டில் விபத்தில் போய்விட்டார் என்றார். அவரிடமும் இனிக் கேட்க முடியாது.

எல்லாவற்றையும் சொன்னேன். என் பெயர், நான் எழுதிய வரி, இந்த வருடம் நடந்தது. உங்கள் விஷயத்திலும் இப்படி நடந்ததா என்று எனக்குத் தெரியாது, நடந்திருக்கலாம், தெரிந்துகொள்ள வழியே இல்லை என்றேன். அவர் பாக்கெட் ஒட்டுவதை நிறுத்தவில்லை.

"அந்த வீடு எங்க இருக்குன்னு நான் ஒரே ஒருத்தன்கிட்டதான் சொன்னேன்" என்றார். "என் தம்பி. தர்மா. அவன்தான் காட்டிக் கொடுத்தான்னு நினைச்சேன். சத்தியம் பண்ணினான். அம்மா தலையில கை வச்சு சத்தியம் பண்ணினான். வாசல் ஏறாதன்னு சொல்லிட்டேன். மூனு வருசமாச்சு."

"அவரா இல்லாமலும் இருக்கலாம்க்கா. அவராவும் இருக்கலாம். என்னால உறுதியா சொல்ல முடியாது."

"ம்."

எண்ணெய்ச் சட்டியை யாரோ உள்ளே இறக்கி வைத்தார்கள். அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"என் போன்ல அவன் நம்பர் இல்ல, அழிச்சிட்டேன். உன் போனைக் குடு."

கொடுத்தேன். நம்பரை எங்கும் பார்க்காமல் தட்டினார், ஒரு இடத்திலும் தயங்கவில்லை. நான் வெளியே வந்து மோட்டார் பக்கத்தில் நின்றேன். வெயில் கடுமை. உள்ளே ரிங் போகும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே இருந்தது, நின்றுவிடும் என்று நினைத்தேன்.

"ஹலோ, யாரு?" என்றது ஒரு ஆண் குரல்.

"தர்மா," என்றார். "அக்கா பேசறேன்."